ஓவனுக்குப் போன மதர்போர்டு

அன்புள்ள தம்பிக்கு,

படம் வராத பழைய லேப்டாப்பின் மதர்போர்டைக் கழற்றி ஓவனில் வைத்தால் உயிர் வருமா என்று கேட்டிருந்தாய். சில நேரம் வரும். சிக்கலே அதுதான்.

இந்தக் கைவைத்தியம் பரவியதற்கு உண்மையான காரணம் ஒன்று உண்டு. லேப்டாப்புகளுக்குச் செய்த கிராஃபிக்ஸ் சிப்புகளில் சில வழக்கத்தை மீறிப் பழுதாவதை 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தச் செலவுக்கென்று 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. ஹெச்.பி., டெல், ஆப்பிள் லேப்டாப்புகளில் எல்லாம் அந்தச் சிப்புகள் இருந்தன. சூடேறி ஆறும்போதெல்லாம் சிப் விரிந்து சுருங்கும். அதை அடித்தட்டோடு இணைக்கும் நுண்ணிய சால்டர் புள்ளிகள் நாளடைவில் விரிசல் விட்டன. திரையில் கோடுகள் தோன்றின, பிறகு இருட்டு.

இதைச் சரிசெய்யப் பலர் போர்டைத் தனியே பிரித்து, அலுமினியத் தாள் உருண்டைகள் மேல் நிறுத்தி, 200 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே ஏழெட்டு நிமிடம் சுட்டார்கள். இன்னும் துணிந்தவர்கள் ஓடும் லேப்டாப்பைத் துண்டால் மூடி அதன் சூட்டிலேயே வேகவைத்தார்கள் (தீப்பிடிக்கும், அந்தப் பக்கமே போகாதே). பல லேப்டாப்புகள் பிழைத்தன. சில வாரத்திலோ சில மாதத்திலோ மறுபடி படுத்தன.

ஏன்? ஈயமில்லாத சால்டர் உருக 217 டிகிரி வேண்டும். சிப்புக்குள் இருந்த ஈயம் மிகுந்த புள்ளிகளுக்கு 300 டிகிரியை ஒட்டி வேண்டும். ஓவனின் சூட்டில் இரண்டுமே உருகாது. சூட்டில் நெளிந்ததில் விரிசலின் இரு ஓரங்களும் கொஞ்ச காலம் தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். அதற்காகச் சோறாக்கும் வீட்டு ஓவனில் போர்டின் புகையை ஏற்றுவானேன்? கோப்புகள்தான் வேண்டுமென்றால், ஹார்ட் டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டாலே வந்துவிடும். அதற்கும் முன், வெளி மானிட்டரில் மாட்டிப் பார். அங்கே படம் தெரிந்தால் சிப்பின் மேல் பழியில்லை, கேபிளோ திரையோதான்.

ஓவன் போல இன்னும் சில கைவைத்தியங்கள் உண்டு. ரேமை ரப்பரால் தேய்ப்பது நம்மூர் சர்வீஸ் கடைகளின் பழைய வித்தை. ரேமின் பொன்னிறப் பற்களில் படிந்த அழுக்கு போகிறது. கழற்றி மாட்டும்போது ஸ்லாட்டின் முனைகளும் உரசிச் சுத்தமாகின்றன. பல நேரம் வேலை செய்வது அந்த உரசல்தான். முலாம் மெல்லியது, அழுத்தித் தேய்க்காதே. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் ரப்பரே வேண்டாம். எதைத் தொடுவதானாலும் சார்ஜரையும் பேட்டரியையும் முதலில் எடுத்துவிடு.

சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டுக்குப் பதில் பற்பசை தடவுகிற கூத்தும் உண்டு. ஈரம் காயும்வரைதான் ஆட்டம்.

டச்பேட் மேலே துருத்தினால் அமுக்கி ஒட்டாதே. அடியில் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். குத்தாமல், சார்ஜ் போடாமல் கடையில் கொடுத்து மாற்று.

இந்த ஒட்டுவேலைகளில் மெச்சத்தக்கது கீல் வேலைதான். மூடியைத் திறக்கையில் மூலை பெயர்ந்து வருவது, திருகைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தூண் உடைவதால். தூண் உடைந்த பள்ளத்தில் ஆப்ப சோடாவைத் தூவி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டால் நொடியில் கல்லாக இறுகும். சூடும் புகையும் வரும். ஜன்னலைத் திறந்து வை, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். அடுக்கடுக்காக நிரப்பி, ஆறியபின் சிறு துளையிட்டுத் திருகை இறக்கலாம். ஆனால் தூணை உடைத்தது இறுகிப்போன கீல். அதன் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு மூடு. இல்லாவிட்டால் அடுத்து உடைவது பக்கத்துத் தூண்.

அன்புடன்,
அண்ணன்