லோக்கல் ரயிலில் ஒரு நாள் உலா: கைகொடுக்கும் குறிப்புகள்

உங்கள் வீட்டிலும் ரயில் பிரியர் ஒருவர் இருப்பார். ஹாரன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடும் குழந்தையாக இருக்கலாம், ரிட்டயரான மாமனாராக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். அவர்களைச் சந்தோஷப்படுத்த லீவு போட்டு வெளியூர் போகவேண்டியதில்லை. சென்னை மின்சார ரயில்களில் ஒரு நாள் நிதானமாகச் சுற்றி வந்தாலே போதும். எங்கேயும் போய்ச் சேரும் அவசரம் இல்லாமல், ஒரு வண்டியை விட்டால் அடுத்த வண்டி என்று போவதுதான் இதில் ருசி. எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கும் வழிகளைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும்.

1. வேலை நாளில் போவதானால் காலை பத்தரைக்கு மேல் ஏறுங்கள், மாலை நாலரைக்குள் திரும்பும் வண்டியில் உட்கார்ந்துவிடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் ஜன்னலோரம் தாராளமாகக் கிடைக்கும். ஆபீஸ் போகிறவர்களுக்கும் நம்மால் இடைஞ்சல் இல்லை.

2. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு, வண்டியும் குறைவு. தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில வண்டிகளை ரத்து செய்வதும் உண்டு. முதல் நாள் மாலையே ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிட்டால் பிளாட்பாரத்தில் வீணாகக் காத்திருக்க வேண்டாம்.

3. சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்குச் சாதாரண வண்டியில் 10 ரூபாய்தான். 5 முதல் 12 வயது வரை அரை டிக்கெட், 5 வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். அப்பா, அம்மா, பள்ளி போகும் இரண்டு குழந்தைகள் போய்வர மொத்தம் 60 ரூபாய். தியேட்டரில் ஒரு பாப்கார்ன் அந்த விலைக்கு வராது.

4. பிளாட்பாரத்தில் நின்று வண்டிகளைப் பார்க்க மட்டும் ஆசையா? பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய், பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகும் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். அந்த 5 ரூபாய் டிக்கெட்டையே எடுத்து, நாலைந்து வண்டிகளைப் பார்த்துவிட்டு ஏறிப் போங்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

5. போக, வர சேர்த்தே டிக்கெட் எடுத்தால் ஒரு முறை வரிசையில் நிற்பது மிச்சம். ரயில்ஒன் செயலியை வீட்டிலேயே போனில் ஏற்றிப் பணமும் போட்டு வைத்தால் வரிசையே வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் டிக்கெட்டைக் காட்ட முடியாது, அதனால் பவர் பேங்க் பையில் இருக்கட்டும்.

6. லோக்கல் டிக்கெட்டை வைத்துக்கொண்டு வழியில் இறங்கி, ஊர் சுற்றி, மறுபடி ஏற முடியாது. எங்கெங்கே இறங்கப் போகிறோம் என்று முன்பே தீர்மானித்து, அந்தந்தத் துண்டுக்குத் தனித்தனியாக டிக்கெட் எடுங்கள். ஐந்தும் பத்துமாகத்தான் ஆகும்.

7. வீட்டில் யாருக்காவது சீசன் டிக்கெட் இருந்தால் அந்தத் தடத்தையே உலாவுக்குத் தேர்ந்தெடுங்கள், அவர் செலவு மிச்சம். ஆனால் சீசனை அவர் மட்டுமே பயன்படுத்தலாம், தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்தனுப்பக் கூடாது.

8. முதல் வகுப்புப் பெட்டியும் மற்றப் பெட்டிகளைப் போலவே இருப்பதால் அவசரத்தில் ஏறிவிட வாய்ப்புண்டு. ஏறும் முன் பெட்டியின் வெளியே எழுதியிருப்பதைப் படியுங்கள். பரிசோதகரிடம் அகப்பட்டால் கட்டணம் போக 250 ரூபாயாவது அபராதம் கட்டவேண்டி வரும். ஒரு நாள் உலாச் செலவே அதில் போய்விடும்.

9. குளிர்சாதன மின்சார ரயில் 2025 ஏப்ரலிலிருந்து கடற்கரை, செங்கல்பட்டுத் தடத்தில் ஓடுகிறது. கட்டணம் 35 ரூபாயில் தொடங்கி 105 வரை. உச்சி வெயிலில் ஒரு குட்டித் தூரம் போய்ப் பாருங்கள், போதும். ஜன்னல் திறந்து காற்று முகத்தில் அடிக்கும் சுகம் சாதாரண வண்டியில்தான்.

10. வெயில் படாத சீட்டைப் பிடிக்க ஒரு சுலபக் கணக்கு. காலையில் தாம்பரம் பக்கம் போகும்போது சூரியன் இடப்பக்கம், அதனால் வண்டி போகும் திசைக்கு வலப்பக்கம் உட்காருங்கள். மாலையில் கடற்கரைக்குத் திரும்பும்போது சூரியன் மேற்கே, அதுவும் இடப்பக்கமாகவே வரும், மறுபடியும் வலப்பக்கமே. சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் பக்கம் போவதென்றால் வடக்கு ஜன்னல், அதாவது போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம்.

11. மோட்டார் சத்தம் கேட்க ஆசைப்படுகிறவர்கள், கூரைமேல் மின்கம்பியைத் தொடும் கை இருக்கிற பெட்டியில் ஏறுங்கள். பழைய வண்டி உறுமிக்கொண்டு கிளம்பும், புதிய மூன்று ஃபேஸ் வண்டி ஸ்வரம் ஏறுவது மாதிரி மெல்ல உயரும். புதிய வண்டி பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துக் கம்பிக்குத் திருப்பி அனுப்பிவிடும். சிக்கனம் தெரிந்த வண்டி!

12. சில இடங்களில் விளக்கும் ஃபேனும் ஒரு கணம் நின்று திரும்ப வரும், பயப்படாதீர்கள். ஒரு மின்நிலையத்தின் கம்பி முடிந்து அடுத்ததன் கம்பி தொடங்கும் இடத்தில் நடுவே மின்சாரம் இல்லாத சிறு துண்டு விட்டிருப்பார்கள். வண்டி அதை ஓடும் வேகத்திலேயே தாண்டும். குழந்தைகளிடம் முன்பே சொல்லி வைத்தால் அந்த இடம் எப்போது வரும் என்று கண் கொட்டாமல் காத்திருப்பார்கள்.

13. கடற்கரை, தாம்பரம் தடத்தில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து வட்டத்தில் பொறித்த சிக்னல் கம்பங்களைத் தேடுங்கள். அவை தானாக இயங்குபவை. வண்டி தாண்டியதும் சிவப்பு விழும். அது தள்ளிப் போகப் போக ஒற்றை மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்று மாறிக்கொண்டே வரும். பிளாட்பார ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்து என்ன நிறம் என்று குழந்தைகளைச் சொல்லச் சொல்லுங்கள். பைசா செலவில்லாமல் அரை மணி நேரம் ஓடிவிடும்.

14. எக்ஸ்பிரஸ் இன்ஜின் முகப்பில் 'டபிள்யூஏபி 7' என்று ஆங்கில எழுத்தில் பார்த்திருப்பீர்கள். முதல் எழுத்து அகலப் பாதை, இரண்டாவது மாறுமின்னோட்டம், மூன்றாவது பயணிகள் வண்டி. மூன்றாவது எழுத்து 'ஜி'யாக இருந்தால் சரக்கு வண்டிக்கானது, இரண்டாவது 'டி'யாக இருந்தால் டீசல். இந்த நாலைந்து எழுத்து தெரிந்தால் எந்த இன்ஜினையும் படித்துவிடலாம்.

15. எக்ஸ்பிரஸ் பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது தயாரான ஆண்டு. 18 என்று தொடங்கினால் 2018. பெட்டியின் வயதைக் கண்டுபிடிக்கும் போட்டி வைத்தால் கணக்குப் பாடமும் ஆயிற்று.

16. கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய பெருக்கல் குறி இருக்கும். வண்டி நடுவில் அறுந்து போகாமல் முழுசாக வந்துவிட்டது என்று ஸ்டேஷன் ஊழியர்களுக்கு அதுதான் அடையாளம்.

17. உலாவைத் தொடங்க ராயபுரத்தைவிட நல்ல இடம் இல்லை. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. கடற்கரையிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் வண்டியில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே ராயபுரம். பெரிய தூண்கள் நிற்கும் அந்தக் கட்டடத்தை வெளியே வந்து நிதானமாகப் பாருங்கள். இன்னும் புழக்கத்தில் இருக்கிற ஸ்டேஷன் என்பதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்காமல் தினசரி டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

18. அதே தடத்தில் இன்னும் வடக்கே போனால் எண்ணூர் தாண்டியதும் ஆற்றுக் கழிமுகம், அத்திப்பட்டில் நிலக்கரி வண்டிகள். சரக்கு வண்டிப் பிரியர்களுக்கு இதுதான் தடம். சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

19. கடற்கரை, தாம்பரம் பாதையில் மின்சார ரயில் 1931லிருந்து ஓடுகிறது. 2004 வரை இதில் மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடின. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்த மஞ்சள், பழுப்பு வண்டிகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், தாம்பரம் வருவதே தெரியாது.

20. பறக்கும் ரயிலுக்குக் கட்டாயம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1995ல் சேப்பாக்கம் வரை வந்து, 2007ல் வேளச்சேரியைத் தொட்ட பாதை இது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே மொட்டைமாடி உயரத்தில் போகும். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம், அடையாறு ஆறு எல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். பெருங்குடிப் பக்கம் வந்ததும் சதுப்பு நிலப் பறவைகளைத் தேடுங்கள்.

21. பறக்கும் ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷனில் இறங்க நேரம் இருந்தால் திருமயிலையில் இறங்குங்கள். கபாலீஸ்வரர் கோயில் நடக்கும் தூரம், தெப்பக்குளத்தைச் சுற்றி டிபனும் ஆயிற்று. படிக்கட்டு அதிகமான ஸ்டேஷன்கள் இவை. முட்டிவலிக்காரர்கள் லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு இறங்கட்டும்.

22. தாம்பரத்தோடு திரும்ப மனசில்லை என்றால் செங்கல்பட்டு வரை போங்கள். பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி பளபளவென்று வரும். போகும்போது ஏரி இடப்பக்கம், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சீட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

23. விமானமும் பார்க்க வேண்டும் என்று சின்னவர்கள் அடம் பிடித்தால் திரிசூலத்தில் இறங்குங்கள். விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. அடுத்த வண்டி வருவதற்குள் ஒன்றிரண்டு விமானமாவது தலைக்கு மேலே போகும்.

24. கட்டடக் கலை பிடித்தவர்கள் சென்ட்ரலையும் எழும்பூரையும் ஒரே நாளில் பார்க்கலாம். சென்ட்ரலின் செங்கல் நிறக் கட்டடம் 1873ல் வந்தது, ஹென்றி இர்வின் வடிவமைத்த எழும்பூர் 1908ல் வந்தது. சென்ட்ரலை ஒட்டிய லோக்கல் ஸ்டேஷன் நிற்கும் இடத்தில்தான் 1985ல் தீயில் எரிந்த மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம் வாங்க அங்கே அலைந்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

25. ஆவடிப் பக்கம் போகும் வண்டியில் பேசின் பிரிட்ஜ் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பாருங்கள். வடக்கே, மேற்கே, கடற்கரைக்கு என்று பாதைகள் பிரியும் இடம் இது. யார்டில் எப்போதும் ஏதாவது நிற்கும். அப்படியே வில்லிவாக்கம் போனால், 1955ல் தொடங்கிய பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ தேவைப்படும், திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

26. மெட்ரோவையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால் பரங்கிமலையில் மாறுவது எளிது. டோக்கன் வாங்காமல் கார்டு அல்லது கியூஆர் டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி. ஆலந்தூரில் நின்று கத்திப்பாரா மேம்பாலத்தைப் பார்க்கத் தவறாதீர்கள்.

27. லோக்கல் வண்டியில் கழிப்பறை கிடையாது. தாம்பரம், எழும்பூர், சென்ட்ரல் போன்ற பெரிய ஸ்டேஷன்களில் தேவை இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் ஒரு முறை போய்விட்டு வண்டி ஏறுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத்தான் முதலில் திட்டமிட வேண்டும்.

28. தயிர்சாதம் கட்டுகிறீர்களா? சாதம் சூடாக இருக்கும்போதே பாலை ஊற்றிக் குழைத்து, ஆறிய பிறகு இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்துவிடுங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும்.

29. இட்லியை மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டிவிட்டால் சட்னி டப்பாவே வேண்டாம். கை படாமல் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்துவிடலாம். கூட்டமில்லாத ஸ்டேஷன் பெஞ்சில் சாப்பிடுங்கள், ஓடும் வண்டியில் சிந்தினால் அடுத்து உட்காருகிறவருக்குச் சங்கடம்.

30. முதல் நாள் இரவே பாட்டிலில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் படுக்க வைத்துவிடுங்கள். காலையில் மீதியை நிரப்பி, ஈரத்துணி சுற்றி எடுத்துப் போனால் மதியம் வரை குளுகுளுவென்று இருக்கும்.

31. கொய்யா, வெள்ளரிப் பிஞ்சு, வேர்க்கடலை, சுண்டல் என்று ரயிலிலும் ஸ்டேஷன் வாசலிலும் ஏதாவது வரும். பத்து ரூபாய்த் தாள்களாக முன்பே மாற்றி வைத்துக்கொண்டால் வண்டி கிளம்பும் நேரத்தில் சில்லறைக்குத் தவிக்க வேண்டாம். விற்பவர்களிடம் பேரம் பேசாதீர்கள், நாள் முழுக்க அவர்களும் அதே வண்டியில்தான் நிற்கிறார்கள்.

32. குழந்தைகளுக்கு இரண்டே விதி சொல்லிக்கொடுங்கள். நீ பிளாட்பாரத்தில் விடுபட்டால் அங்கேயே நில். நீ மட்டும் வண்டியில் போய்விட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நில். உங்கள் போன் எண்ணைச் சட்டைப் பைக்குள் எழுதி வையுங்கள், ரயில்வே உதவிக்கு 139.

33. படம் எடுக்கும் ஆசையில் தண்டவாளத்தில் இறங்குவதும், படியில் தொங்குவதும் வேண்டவே வேண்டாம். இரண்டும் சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. பிளாட்பாரம் வளைகிற ஸ்டேஷனாகப் பார்த்து நில்லுங்கள், மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே முழு வண்டியும் படத்தில் விழும்.

34. ஒரு பழைய நோட்டைப் பையில் போடுங்கள். வண்டி ஏறிய நேரம், கண்ட இன்ஜின் எண், வாங்கித் தின்ற பண்டம் என்று எதையும் எழுதலாம். டிக்கெட்டையும் அதிலேயே ஒட்டிவிட்டால் தனி ஆல்பம் தேவையில்லை.

35. திரும்பும்போது நடுவழி ஸ்டேஷனில் ஏறி இடத்துக்குத் தவிக்காதீர்கள். அசதியாக இருந்தால் வண்டி புறப்படும் ஸ்டேஷனிலேயே ஏறுங்கள். இரண்டு ஸ்டேஷன் பின்னால் போக நேர்ந்தாலும், அதற்கும் டிக்கெட் எடுத்துக்கொண்டால் நஷ்டமில்லை.

36. வீட்டுக்கு வந்ததும் சட்டையில் கிரீஸ் கறை தெரிந்தால் உடனே தண்ணீரில் போடாதீர்கள். டால்கம் பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் விட்டு, தட்டி உதறி, பாத்திரம் துலக்கும் சோப்பை அந்த இடத்தில் மட்டும் தேய்த்து அலசுங்கள். பிறகு வழக்கம்போல் துவைத்துக்கொள்ளலாம்.