தண்ணிக்கு ஏது செலவு?



குழுக்களில் கடன் மனு வாங்கும்போது நாங்கள் அடிக்கடி பார்க்கிற காரணங்கள்: போர் போட, போரை ஆழப்படுத்த, மோட்டாருக்குக் காயில் கட்ட. அதே கூட்டத்தில் “கரண்டு இலவசம்தானே, தண்ணிக்கு என்னக்கா செலவு?” என்றும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கர் சின்ன வெங்காயத்துக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். மணிக்கு 20,000 லிட்டர் தள்ளும் மோட்டார் 10 மணி நேரம் ஓடணும். பில் வராது, சரி. ஆனால் மட்டம் இறங்க இறங்கக் குழாய் இறக்கணும், போரை ஆழமாக்கணும். அதற்கு 1 லட்சம் கடன், மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் வட்டி மட்டுமே மாதம் 1,000 ரூபாய். வெங்காயம் மூன்று மாதம் நிலத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 3,000. விதை, உரம், களைக்கூலி எல்லாம் எழுதுகிற நாம் இதை மட்டும் எழுதுவதில்லை. பட்டா வீட்டுக்காரர் பேரில், கடன் நம்ம பேரில் என்றால் கட்டாயம் எழுதணும்.

இன்னொரு செலவு கண்ணுக்கே தெரியாது. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அது மண்ணில் நைட்ரேட்டாக மாறும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகிற வழியில் போகும். வெங்காய வேர் மேலாகத்தான் இருக்கும். உரம் போட்டதும் பாத்தி நிறையத் தண்ணி விட்டால் காசு கொடுத்து வாங்கிய சத்து வேரைத் தாண்டி இறங்கி, நாம் குடிக்கிற கிணற்றுக்கே வந்து சேரும். மணல் சேர்ந்த நிலத்தில் இன்னும் சீக்கிரம்.

நைட்ரேட்டுக்கு நிறம், வாசனை, ருசி கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்றுவதால் கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் புட்டிப்பால் கலந்து கொடுத்தால், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உதடும் நகமும் நீலமாகலாம். தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாகப் போடுங்கள். போட்ட பின் லேசாக நனைத்தால் போதும். பெருமழை வரும்போல இருந்தால் தள்ளிப் போடுங்கள். எருக்குழி கிணற்றோரம் வேண்டாம். ஸ்பிரேயரையும் அங்கே கழுவாதீர்கள்.

சொட்டுநீருக்கு, சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை அரசு நிர்ணயித்த தொகைக்குள் 100 சதவீத மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்று, ஆதார் ஆகியவற்றோடு தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒன்று சொல்லணும்: மிச்சமான தண்ணியில் இன்னொரு ஏக்கர் நட்டால் போர் மட்டம் ஏறாது.

கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதிக்கலாம். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள். போர் கடன் கேட்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது போன போகத்துச் செலவு நோட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.