புற்றுநோயிலிருந்து தேறிய துணைக்கு விருந்து வைக்கும்போது

சிகிச்சை முடிந்து மகரகம அபேக்ஷா மருத்துவமனையிலிருந்து கணவனோ மனைவியோ தோட்ட லயத்துக்குத் திரும்பியதும் பூசைக்கும் விருந்துக்கும் நாள் குறிக்கும் முன் கிளினிக் கொப்பியைப் பார்ப்பது நல்லது. கீமோ ஏற்றிய 7 முதல் 14 நாட்களில் வெள்ளையணுக்கள் பொதுவாக மிகக் குறைந்திருக்கும். அப்போது கூட்டம் ஆகாது. இரத்தப் பரிசோதனை சரியான பிறகே விருந்து.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப்புற்று. அதிலிருந்து மீண்டவர் வீட்டில் வெற்றிலைத் தட்டை எடுத்துவிடுவதே அவருக்குச் செய்யும் முதல் மரியாதை. புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லை என்பது வீண் சமாதானம்: வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. வந்தவர்களுக்குக் கற்கண்டும் தேநீரும் போதும். வாயிலோ கழுத்திலோ கதிர்வீச்சு பெற்றவருக்கு நாக்கு உலரும், காரம் எரியும். உறைப்பில்லாத சொதியில் ஊறிய இடியப்பமும் ஆறிய பாயாசமும் எளிதாக இறங்கும்.

சிவனொளிபாத மலைக்கு நேர்ந்திருந்தால் அவசரம் வேண்டாம். இரத்தினபுரிப் பக்கப் பாதை நல்லதண்ணிப் பாதையைவிட நீளமானது. மருத்துவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் ஏறலாம். அதுவரை கும்பிடத் தோட்டத்து மாரியம்மன் கோயில் அருகிலேயே இருக்கிறது.

மார்பகப் புற்றுக்காக அக்குள் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பெண்ணுக்குப் புது வளையல் வாங்கினால் மறு கையில் போட வேண்டும். இறுக்கமும் கீறலும் கணுக்கள் அகற்றிய பக்கக் கையில் வீக்கத்தைக் கிளப்பிவிடலாம். கொழுந்துக் கூடையின் பாரமும் அந்தப் பக்கத்துக்கு ஆகாது.

அடுத்த கிளினிக் தேதியில் மட்டும் விருந்தை வைக்கக் கூடாது.