ஊர் கூடி எழுதும் நிரல்

நுழையும்முன்

ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஊரும் நாடும் வேறாயினும், கூலி கருதாமல் பலர் கூடி உழைப்பதால் உருவாகும் மென்பொருள்கள் உள்ளன. அத்தகைய கூட்டுமுயற்சி எவ்வாறு தொடங்குகிறது, எதனால் நிலைக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓராண்டில் இரு தொடக்கங்கள்

1991ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. தன்னார்வலர்கள் ஊர்தோறும் எழுத்தறிவித்தனர். அவ்வியக்கத்தின் ஒரு பகுதியாகப் பெண்களுக்கு மிதிவண்டிப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பெண்களுக்கான வண்டிகள் போதாதபோது, ஆண்களுக்கான வண்டிகளிலும் அவர்கள் பழகினர். ஓட்டக் கற்ற இளம்பெண்கள் பிறருக்குக் கற்பிப்பவராயினர். இவ்வாறு ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதை இதழாளர் பி. சாய்நாத் பதிவுசெய்துள்ளார்.

அதே ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் உருவாக்கிவந்த இயங்குதளத்தைப் பற்றிப் பிறருக்கு அறிவித்துக் கருத்துக் கேட்டார். அப்போது அவருக்கு வயது 21. அவரது பணி முற்றுப்பெறவில்லை; எனினும், அதன் மூல நிரலை வெளியிட்டார். பிழை கண்டவர்கள் திருத்தினர்; திறன் உடையவர்கள் புதியன சேர்த்தனர். அதுவே லினக்ஸ். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளீடாக இயங்குவதும் அதுவே.

உரிமம் எனும் உறுதி

மூல நிரலைப் பிறர் காணச் செய்தால் மட்டும் போதாது. உரிமை வழங்கப்படாத படைப்பைப் பிறர் மாற்றவோ பரப்பவோ சட்டம் இடந்தராது. எனவே, பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இசைவளிக்கும் உரிமம் தேவை. 1992ஆம் ஆண்டு லினக்ஸ், குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது. திருத்தி வெளியிடுவோரும் அதே உரிமையைப் பிறருக்கு வழங்கவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் நெறியாகும்.

தமிழின் தேவை

'புதுக்கோட்டை' என்னும் சொல்லில் எழுத்துகள் ஆறு. ஆனால், கணினி அதனைப் பன்னிரண்டு குறியீடுகளாகக் காண்கிறது. ஒருங்குறியில் 'பு' என்பது பகரமும் உகரக் குறியுமாக இரண்டாகப் பதிவாகும். மெய்யின் புள்ளியும் தனிக் குறியீடே. தமிழ் அறிந்தோர் முன்வராவிடில் இக்குறை களையப்படாது. முத்து அண்ணாமலை முதலானோர் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்னும் திறந்த மூல நிரல்தொகுப்பு, சொற்களைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தருகிறது.

நிலைபெறும் வழி

தெளிவான ஒரு தேவை, இயங்கும் ஒரு சிறு நிரல், வெளிப்படையான உரிமம் ஆகிய மூன்றும் தொடக்கத்திற்குப் போதுமானவை. நிலைபேற்றுக்கோ மனிதர் வேண்டும். புதிதாக வருபவர்க்கு, ஒரு சொல்லை மொழிபெயர்த்தல், ஒரு பிழையைச் சுட்டுதல் போன்ற எளிய பணி காத்திருக்கவேண்டும். அவர் செய்த திருத்தத்திற்கு மறுமொழி கிடைக்கவேண்டும். அவர் பெயரும் பங்களித்தோர் வரிசையில் இடம்பெறவேண்டும். தொடங்கியவர் ஒருவரையே நம்பிய பணி, அவர் ஓய்ந்ததும் ஓய்ந்துவிடும். கற்றவர் கற்பிப்பவராகும் பணியோ தொடரும். புதுக்கோட்டைப் பெண்கள் மிதிவண்டியால் உணர்த்திய பாடம் இதுவே.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப்பெயரில் உள்ள எழுத்துகளையும் கணினி காணும் குறியீடுகளையும் எண்ணி ஒப்பிடுக.