டீசல் எஞ்சின் சூடேறுவது ஏன்? கண்டறிந்து சரிசெய்யும் முறைகள்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலையை ஒட்டி அமைந்த பூலாம்பாடிச் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுப் பாசனத்தை நம்பியே பல குடும்பங்கள் விவசாயம் செய்கின்றன. மின் இணைப்பு இல்லாத கிணறுகளிலும், மின்தடை நேரங்களிலும் டீசல் எஞ்சினே கைகொடுக்கிறது. பருத்தி காய் பிடிக்கும்போதோ, சின்ன வெங்காயம் திரளும்போதோ எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டால், பழுதுச் செலவு மட்டுமல்ல, விளைச்சலும் கைவிட்டுப் போகும். சூடேறுவது நோய் அல்ல, நோயின் அறிகுறியே. காரணத்தை முறைப்படி தேடினால் பெரும்பாலான கோளாறுகளை விவசாயிகளே கண்டுகொள்ள முடியும்.

எஞ்சின் குளிரும் விதம்

எரியும் டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலைக்குப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. மீதிப் பங்கில் பெரும்பகுதி சிலிண்டரையும் ஹெட்டையும் சூடாக்குகிறது. இந்த வெப்பத்தை அகற்ற, பம்பின் டெலிவரி குழாயிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் செலுத்தப்படுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து மீன்பிடிக்கச் செல்லும் விசைப்படகுகளின் எஞ்சின்களைக் குளிர்விக்கக் கடல்நீர் உதவுகிறது. நமக்கோ கிணற்று நீர். தண்ணீர் வரத்துத் தடைப்பட்டால் இரண்டுக்கும் ஒரே கதிதான்.

ஐந்து குதிரைத்திறன் எஞ்சின் முழுப் பளுவில் ஓடும்போது, கிணற்று நீர் சுமார் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உள்ளே சென்று 60 டிகிரியில் வெளிவருவதாகக் கொண்டால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் தேவை. வெளிவரும் குழாயின் கீழ் 15 லிட்டர் வாளியை வைத்துப் பார்க்கலாம். எட்டு நிமிடத்திற்குள் நிறையாவிட்டால், தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

சூடேறியவுடன் செய்ய வேண்டியது

எஞ்சினின் வேகம் தானாகக் குறைதல், தட்டும் ஓசை, எண்ணெய் கருகும் வாடை, வெளிவரும் குழாயில் ஆவி ஆகியவை எச்சரிக்கைகளாகும். தண்ணீர் வந்துகொண்டிருந்தால் வேகத்தைக் குறைத்துச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். தண்ணீர் அறவே நின்றிருந்தால் தாமதமின்றி நிறுத்த வேண்டும். எக்காரணம் கொண்டும் சூடான எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது. ஹெட்டும் சிலிண்டரும் வெடித்துவிடும். நன்றாக ஆறிய பின், கைப்பிடியால் சுற்றிப் பார்த்துத் தடையின்றிச் சுற்றினால் மட்டுமே மீண்டும் இயக்க வேண்டும்.

முதலில் வெளிவரும் நீரைக் கவனியுங்கள்

1. தண்ணீரே வரவில்லை: எஞ்சினைக் குறை கூறுமுன் கிணற்றைப் பாருங்கள். நம் பகுதி பாறைப் பகுதி. ஊற்று மெதுவாகவே சுரக்கும். காலையில் நிறைந்திருந்த கிணறு சில மணி நேர இறைப்பில் வெகுவாக இறங்கிவிடும். பம்பிலிருந்து நீர்மட்டம் 20 அடிக்குக் கீழே இறங்கினால் பம்பு சரியாக இழுக்காது. ஃபுட் வால்வு நீருக்கு வெளியே தெரிந்தால் காற்றை இழுத்துவிடும். பம்பில் நீர் அற்றால் எஞ்சினுக்கும் நீர் இல்லை. கிணறு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அறிந்து, இடைவெளி விட்டு இறைப்பதே நல்லது. அடுத்து, ஃபுட் வால்வில் இலை, பாசி அடைப்பு, உறிஞ்சு குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவு, பம்பின் கிளாண்டு தளர்வு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

2. தண்ணீர் குறைவாக வருகிறது: சிறு குழாயையும் அதன் வால்வையும் கழற்றி மணல், நத்தை ஓடு ஆகியவற்றை அகற்ற வேண்டும். அவை சுத்தமாக இருந்தால், உள்ளே உப்புப் படிவு உள்ளது எனக் கொள்ளலாம். உப்புத் தண்ணீர்க் கிணறுகளில் பாத்திரத்தின் அடியில் படிவதுபோலவே சிலிண்டரைச் சுற்றிலும் சுண்ணாம்பு படியும். இப்படிவு வெப்பத்தை வெளியேற விடாது. அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு இதை நீக்க வேண்டும். அமிலத்தை விவசாயிகள் தாமே கையாளுதல் கூடாது.

3. தண்ணீர் தாராளமாக வந்தும் சூடேறுகிறது: புகையின் நிறத்தைப் பாருங்கள். கரும்புகை எனில் அதிகப் பளு, ஏர் கிளீனர் அடைப்பு அல்லது நாசில் கோளாறு. நீலப்புகை எனில் மசகு எண்ணெய் எரிகிறது. எண்ணெய் மட்டத்தை உடனே பாருங்கள். வெளிவரும் நீரில் குமிழிகள் தொடர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். மசகு எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது, எஞ்சினை இயக்காதீர்கள். பெல்ட் அல்லது கிளாண்டு அதிக இறுக்கமாக இருந்தாலும் பளு கூடும்.

கிணற்றுக்குள் எஞ்சின்: உயிருக்கு ஆபத்து

நீர்மட்டம் இறங்க இறங்க எஞ்சினையும் கிணற்றுத் திட்டில் இறக்கி வைக்கும் வழக்கம் உண்டு. புகை உள்ளேயே தேங்கினால் எஞ்சினுக்குத் தூய காற்று கிடைக்காமல் கரும்புகையும் சூடும் அதிகமாகும். அதைவிடக் கொடியது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு. இதற்கு நிறமோ மணமோ கிடையாது. விளக்கை இறக்கி, அது அணையவில்லை என்று நம்பி இறங்குவது தவறு. இவ்வாயு விளக்கை அணைக்காது, ஆளைக் கொன்றுவிடும். புகைக்குழாயைக் கிணற்றின் வாய்க்கு மேலே கொண்டுவந்து விடுவது அவசியம். ஆயினும் எஞ்சின் ஓடும்போதும், நிறுத்திய உடனும் யாரும் இறங்கலாகாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்ற எண்ணி அடுத்தவர் குதிப்பதும் கூடாது. உடனே 101 அல்லது 112 எண்ணில் தீயணைப்புத் துறையினரை அழைக்க வேண்டும்.

அதிகக் குளிர்ச்சியும் கேடே

சூட்டுக்குப் பயந்து வால்வை முழுவதும் திறந்து வைப்போர் உண்டு. வெளிவரும் நீர் சில்லென்று இருந்தால் டீசல் முழுவதும் எரியாது. செலவு கூடும், லைனரும் ரிங்கும் விரைவில் தேயும். வெளிவரும் நீர், கையைத் தொட்டவுடன் எடுத்துவிடும் அளவுக்குச் சுமார் 60 டிகிரி சூட்டில் இருக்குமாறு வால்வைத் திருகி வைப்பதே சரி. அதற்கு மேல் சூடானால் உப்புப் படிவும் விரைவாகச் சேரும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

இயக்குமுன் மசகு எண்ணெய் மட்டத்தைப் பார்க்கவும். இயக்கியதும் குளிர்விக்கும் நீர் வருகிறதா எனக் கவனித்த பின்னரே வயலுக்குச் செல்லவும். மடை மாற்றி வரும்போதெல்லாம் வெளிவரும் நீரை ஒருமுறை தொட்டுப் பார்க்கவும். தயாரிப்பாளர் குறித்துள்ள மணிக் கணக்கில் எண்ணெயை மாற்றவும். பல மாதங்கள் ஓடாமல் கிடந்த எஞ்சினை, பயிர் வாடத் தொடங்கியபின் அவசரமாக இயக்காமல், பருவத்திற்கு முன்பே ஒரு மணி நேரம் ஓட்டிச் சோதித்து வைத்தால், தேவையான நாளில் அது கைவிடாது.