இயந்திரக் கதை எழுத வரும் பிள்ளைகளுக்கு

அறிவியல் கதை எழுதும் ஆசையோடு சேர்வராயன் மலையிலுள்ள கொட்டச்சேட்டுக்கு என்னைத் தேடி வரும் பிள்ளைகளிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன், கண்ணுகளா.

1. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வை இரண்டு தடவை படியுங்கள். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. முதல் தடவை ஜீனோ என்ற இயந்திர நாய் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் தடவை கதையின் நாயகி நிலாவைக் கவனியுங்கள். அவள் வாழும் நாட்டில் குழந்தை பெற அரசு அனுமதிக்க வேண்டும். பெயர் இரண்டெழுத்தைத் தாண்டக் கூடாது. ஆயுளும் ஆட்சியின் கையில். இதற்கெல்லாம் சனங்கள் பழகிப்போன விதம்தான் என்னை இன்றும் நடுங்க வைக்கிறது.

2. கருவி மனிதர்மேல் படுகிற இடத்தில் கதையைத் தொடங்குங்கள். காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தே விரல் தேய்ந்துபோன ஒரு பாட்டி ரேஷன் கடையில் நிற்கிறாள் என்று வையுங்கள். ஆளை அடையாளம் காணும் கருவியில் அவள் ரேகை விழவில்லை. விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறாள். அப்போதும் விழவில்லை. கடைக்காரருக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும். ஆனால், இவள் இன்னாரென்று அவர் சொன்னால் செல்லாது, கருவி சொல்ல வேண்டும். யார் அறிந்ததை நாம் நம்புகிறோம்? போலிப் பெயரில் அரிசி போகாமல் தடுக்க வந்த ஏற்பாடு அது. அந்த நியாயத்தையும் குறைக்காமல் எழுதுங்கள். பாட்டியை அழ வைத்து முடித்துவிடாதீர்கள். கடைக்காரரோடு நில்லுங்கள். அரிசியை அளந்து போட்டால் கணக்கு இடிக்கும். திருப்பி அனுப்பினால் அவள் மேட்டில் வெறும் பையோடு ஏற வேண்டும். அவர் என்ன செய்கிறார்?

3. இயந்திரத்தை வில்லனாக்காதீர்கள். சுஜாதாவும் வசனத்தில் பங்கேற்ற ‘எந்திரன்’ படம் 2010இல் வந்தது. தீப்பிடித்த வீட்டில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி என்ற இயந்திரம் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கேமராக்களுக்கு நடுவே இறக்கிவிடும். மானம் தாளாமல் ஓடும் அவள் வண்டியில் அடிபட்டுச் சாவாள். உயிரைக் காப்பாற்று என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தார்கள். கேமராவைத் திருப்பாமல் நின்றவர்கள் மனிதர்கள். அந்தப் படத்தில் எனக்குப் பெரிய காட்சி அதுதான், பின்னால் வரும் சண்டைகள் அல்ல.

4. ஒரு கருவியாவது எப்படி வேலை செய்கிறது என்று முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையில் இருந்தவர் சுஜாதா. கருவியை முழுசாக அறிந்த அந்தப் பழக்கம் அவர் எழுத்தில் தெரியும்.

5. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போயிற்று. உங்கள் நாயகன் கையில் பளபளக்கும் கருவிக்கும் எங்கோ ஒரு மலை வெட்டுப்பட்டிருக்கும். அந்த மலையில் இருக்கிறவருக்கும் கதையில் ஒரு பேச்சு கொடுங்கள்.

6. இயந்திரமே கதை சொல்லட்டும் என்று நினைத்தால், கசுவோ இஷிகுரோ 2021இல் வெளியிட்ட ‘க்ளாராவும் சூரியனும்’ நாவலைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். நோயாளி மகள் இறந்துவிட்டால் அவளாகவே தன்னோடு இருக்க முடியுமா என்று க்ளாரா என்ற இயந்திரத் தோழியிடம் ஒரு தாய் கேட்கிறாள். அந்தத் தாயைக் கெட்டவள் என்று உங்களால் சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. உங்கள் கதையிலும் அப்படி ஒருத்தர் வரும்வரை என்னிடம் கொண்டுவர அவசரப்படாதீர்கள்.