‘மூலிகை’ என்று எழுதியிருந்தால் போதுமா?

பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் பெரிதும் வலியுறுத்தினார்கள். அவர்கள் விரும்பிய மிஸ்வாக், நம் நாட்டில் உகாய் எனப்படும் மரத்தின் குச்சி. இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் பற்பசைதான். அது ஹலாலாகவும், உடலுக்கு நல்லதாகவும் இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை. ‘இயற்கை’, ‘மூலிகை’ என்ற சொற்கள் இந்த இரண்டுக்குமே உத்தரவாதம் அல்ல.

டியூபின் அடியில் பச்சைக் கோடு இருந்தால் இயற்கை, கறுப்பு என்றால் ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். டியூபை எங்கே வெட்டுவது என்று இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளம்தான் அது. பார்க்க வேண்டியது பொருட்களின் பட்டியலை.

முதலில் கிளிசரின். பசை காய்ந்துபோகாமல் காப்பது இது. தாவர எண்ணெயிலிருந்தும், விலங்குக் கொழுப்பிலிருந்தும், பெட்ரோலியத்திலிருந்தும் எடுக்கிறார்கள். எந்த விலங்கு என்று பட்டியலில் இருக்காது. சைவப் பொருள் என்பதற்கான பச்சைப் புள்ளி அட்டையில் இருந்தால் இந்தச் சந்தேகம் தீரும். இல்லையென்றால் அட்டையிலுள்ள எண்ணில் நிறுவனத்தைக் கேட்கலாம்.

அடுத்து ஃபுளோரைடு. இது தாது உப்பு. இதில் ஹராம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பற்சொத்தையைத் தடுப்பதில் நன்கு நிரூபிக்கப்பட்டது. மூலிகைப் பசைகள் பலவற்றில் இது இல்லை. பேணுதல் என்று நினைத்து இதை ஒதுக்கினால், பிள்ளைகளின் பற்கள்தான் சொத்தையாகும். மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். தர்மபுரி போல நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் இருப்பவர்கள் மட்டும் பல் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

கடைசியாக, செடியிலிருந்து வந்ததெல்லாம் நல்லது அல்ல. புகையிலையும் ஓர் இலைதான்; பற்பசையிலும் பற்பொடியிலும் அதைச் சேர்ப்பதை மத்திய அரசு 1992-ல் தடை செய்தது. கரித்தூள் பல்லின் எனாமலைத் தேய்க்கக்கூடும். கிராம்பு எண்ணெய் வலியை மறக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது.

இன்றே வீட்டிலுள்ள பசையின் அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். மிஸ்வாக் குச்சியையும் விட்டுவிட வேண்டாம். உளூவின்போது அது, காலையும் இரவும் பசை என்று இரண்டையும் வைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.